நுனி நீலம்

அன்புள்ள செல்வி,

மார்கழி பிறந்ததிலிருந்து நகமெல்லாம் நாவற்பழம் தின்ற மாதிரி இருக்கிறது, வகுப்பில் டெஸ்க்மேல் கை வைக்கவே கூச்சம் என்று எழுதியிருந்தாய். விஷம் ஏறினால்தான் நீலம் பாரிக்கும் என்று ஆயா வேறு பயமுறுத்தினாளாம். ஆயாவுக்குத் தெரிந்தது பாம்புக்கடி.

நீ சொல்வதைப் பார்த்தால் அக்ரோசயனோசிஸ் மாதிரி இருக்கிறது. 1896இல் குரோக் என்ற பெல்ஜிய மருத்துவர் வைத்த பெயர். நாம் 'நுனி நீலம்' என்று சொல்லிக்கொள்ளலாம். குளிரில் தோலின் பொடிக் குழாய்கள் சுருங்க, மெல்ல நகரும் ரத்தம் வழியிலேயே ஆக்சிஜனை இழந்து கருத்துவிடுகிறது. விரலால் அழுத்தி எடு: வெளுத்த இடத்துக்கு நீலம் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊர்ந்து வரும். இரண்டு கையும் ஒரே மாதிரி, வலியில்லை, நாடி சரியாகத் துடிக்கிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. நம் நிறத்துக்குப் புறங்கையில் தேடாதே. நகத்திலும் உள்ளங்கையிலும் பார்.

காசிமேட்டில் அம்மாவோடு விடியற்காலை ஏலத்துக்குப் போவாயே, உடைத்த ஐஸில் இறால் பிரிக்கும் அக்காக்களின் கையைக் கவனி. சிலருக்கு விரல் சுண்ணாம்பாக வெளுக்கும், பிறகு நீலம், சூடு பட்டதும் சிவந்து விண்விண்ணென்று தெறிக்கும். வந்து வந்து போகிற இது வேறு. பாரிஸில் ரெனோ என்ற மருத்துவர் 1862இல் எழுதியது.

எண்ணூரில் கிரைண்டர் பிடித்த உன் மாமாவுக்கும் அதுதான். அவருக்கு அதிர்வே காரணம். மழைக்காலக் காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் என்னிடம் வந்து நிற்பார். இண்டியானா சுண்ணாம்புக்கல் குவாரிகளில் காற்றுச் சுத்தியல் பிடித்தவர்களின் இதே செத்த விரல்களை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1918இலேயே ஆராய்ந்துவிட்டார். ஆனாலும் மாற்றிப் பிடிக்க ஆள் கேட்டபோது மாமாவின் சூப்பர்வைசர் சிரித்தாராம். எனக்கு இன்னும் அந்தக் கோபம் அடங்கவில்லை.

ஒரு கை மட்டும் நீலமானால், நுனியில் புண் வந்தால், உதடும் நாக்கும் நீலம் பாரித்தால் அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உன் அண்ணன் பீடி பிடிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். இளவயது ஆண்களின் கால் விரலை அழுகவைக்கும் பர்ஜர் நோய் புகையிலையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். அவனிடம் சொல்.

உனக்கு மருந்து தேவைப்படாது. ஈரக் கையை உடனே துடை, காலுறை போடு. அம்மாவை ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை போடச் சொல். ஒருமுறை டாக்டரிடமும் காட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வா, முதலில் நான் நாடி பார்க்கிறேன். ஆயாவையும் கூட்டி வா.

அன்புடன்,
அத்தை