அம்பாசிடர் இழுக்கலையா? முதல்ல டைமிங்கைப் பாருங்க



அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் குழுக்கடனில் வாங்கிய பழைய 1489 சிசி பெட்ரோல் வண்டி சில வீடுகளில் இருக்கலாம். "இஞ்சினை இறக்கணும்" என்று மெக்கானிக் சொன்னதும் தலையாட்டிவிட்டால், ஒரு வருடத் தவணைப் பணம் போய்விடும். கோளாறு டைமிங்கிலும் இருக்கலாம்.

டைமிங் என்றால் என்ன? பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். 1-3-4-2 என்ற வரிசையில் பொறியைப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். இஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும்.

அறிகுறிகள்
- பொறி முந்தினால்: மேடு ஏறும்போது 'டக் டக்' சத்தம், ஸ்டார்ட் செய்யும்போது எதிர் உதை.
- பிந்தினால்: இழுவை குறையும், சூடு ஏறும், பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

சோதனை (சாவியை அணைத்து, நியூட்ரலில் வைத்து)
1. பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கணும். இதைச் சரிசெய்த பிறகே டைமிங் வைக்கணும்.
2. மூடியைக் கழற்றி ரோட்டரைக் கையால் லேசாகத் திருப்புங்க. விட்டதும் தானே திரும்பி வரணும்.
3. ஹேண்டில் போட்டு இஞ்சினைச் சுற்றும்போது ரோட்டர் சுற்றலைன்னா, அதை ஓட்டும் தண்டோ பல்சக்கரமோ போயிருக்கும்.
4. டிஸ்ட்ரிபியூட்டர் கையில் ஆடினால் கிளாம்ப் போல்ட் தளர்ந்திருக்கு. டைமிங் வைத்து முறுக்கினால் போதும்.
5. டைமிங் வைத்தும் அடிக்கடி மாறினால் பல்சக்கரத் தேய்மானத்தைப் பார்க்கச் சொல்லுங்க.

இந்த ஐந்தையும் பார்த்த பிறகும் குறை இருந்தால் மட்டும் இஞ்சின் பேச்சு. மாற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்குங்க. செலவைக் கணக்கு நோட்டில் எழுதுங்க.