அக்காரவடிசிலுக்கு உரிய அக்காரம்

ஆடித் தபசுக் காட்சியைச் சேவிக்கச் சங்கரன்கோவில் வரும் அடியார்கள், சங்கரநாராயணர் சந்நிதியில் திருநீறும் துளசித் தீர்த்தமும் ஒருங்கே பெறுகின்றனர். அரியும் அரனும் ஒரு திருமேனியாய் நிற்கும் இத்தலத்தைச் சூழ்ந்த நாடும் இருவகைத் தித்திப்புக்கு உரியது. மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலையடிவாரத்துக் கரும்பு. தென்கிழக்கே கரிசலைக் கடந்து தேரிமணல் வரை பனை. முன்னதிலிருந்து வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும், பின்னதிலிருந்து கருப்பட்டியும் பனங்கற்கண்டும் பிறக்கின்றன.

'அக்காரம்' என்னும் பழஞ்சொல் சர்க்கரையைக் குறிப்பது. அடிசில் என்பது சோறு. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு பாத்திரம் வெண்ணெயும் நூறு பாத்திரம் அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டார். அந்நேர்த்தியைப் பின்னாளில் எம்பெருமானார் நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, கோதை அவரை 'அண்ணன்' என அழைத்தாள் என்பது குருபரம்பரை வழக்கு. மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியில் இன்றும் இத்தளிகை கண்டருளப் பண்ணப்பெறுகிறது.

கரும்பு வெல்லத்தின் செய்முறை பலரும் அறிந்ததே. ஆலையில் பிழிந்த சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, உலர்ந்த சக்கையையே எரித்துக் காய்ச்சுவர். சிறிது சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் அழுக்கை அகற்றி, பதம் வந்ததும் அச்சில் வார்த்தால் அச்சு வெல்லம். கையால் பிடித்தால் உருண்டை வெல்லம். கிளறித் தேய்த்துப் பொடியாக்கினால் நாட்டுச் சர்க்கரை.

கருப்பட்டியின் கதையோ உழைப்பின் கதை. பனையேறி நாள்தோறும் காலையும் மாலையும் மரமேறிப் பாளையை மெல்லிதாகச் சீவிவிட வேண்டும். ஒருநாள் தவறினாலும் ஊறல் குன்றும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிடில் அதுவே புளித்துக் கள். ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு, தெய்வத்துக்கு ஆகும் பொருளையும் ஆகாத பொருளையும் பிரித்துவிடுகிறது! இறக்கிய பதநீரை விடிலியில் பெண்கள் மணிக்கணக்காகக் காய்ச்சுவர். பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கியிடுவதும் உண்டு. துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு உருண்டால் பதம். உடனே சிரட்டையில் வார்ப்பர். சற்று இளம்பதத்தில் இறக்கிய பாகைக் கலத்தில் நூலிட்டு நாற்பது நாள்களுக்கு மேல் அசையாது வைத்தால் நூலைப் பற்றிப் பனங்கற்கண்டு விளையும்.

உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. மரம் காக்கப்படலாம், ஏறுபவர் தொகை குறைந்துவருவதே பெருங்கவலை. இக்குறைவே கலப்படத்துக்கும் வழி திறந்தது. வெள்ளைச் சர்க்கரையைக் காய்ச்சிக் கருப்பட்டியெனச் சிரட்டையில் வார்ப்போரும் உளர்.

வெல்லத்தில் நேரும் பிழைக்கு வாங்குவோரும் பொறுப்பாளிகள். பொன்னிறமாக இருந்தால்தான் உயர்ந்தது என்று அவர்கள் கேட்பதால், காய்ச்சுவோர் 'ஹைட்ரோஸ்' எனும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொட்டி வெளுக்கச் செய்கின்றனர். அந்த நிறம் நிலைப்பதில்லை; சில நாளில் மங்கும். கந்தகத்தின் எச்சமோ பண்டத்தில் தங்கும். பெருமாளுக்கு மாவிளக்கு இடுவோரும், ஸ்ரீராமநவமிக்குச் சுக்கும் ஏலமும் தட்டிப் பானகம் கரைப்போரும் பழுப்பேறிய வெல்லத்தைத் தயங்காது கொள்ளலாம். இவை சர்க்கரை நோயாளருக்குத் தீங்கற்றவை என்னும் பேச்சு மட்டும் மெய்யன்று. இவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையே. அத்தகையோர் பிரசாதத்தை அணுவளவே ஏற்பது நன்று.

அக்காரவடிசில் செய்கையில் பாலில் அரிசி நன்கு குழைந்தபின் அடுப்பினின்று இறக்கி, வடிகட்டி ஆறவைத்த வெல்லப்பாகைச் சேர்த்தல் வேண்டும். கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் பால் திரிந்துவிடும். நெய்யை அதன் பின்னரே வார்ப்பது மடைப்பள்ளி வழக்கம்.