சங்கத்திற்கு ஒரு மாதிரிப் புத்தகம்

நெசவாளர் சங்கங்களுக்குத் தணிக்கையின் பொருட்டு நாம் செல்லுங்கால், ரொக்கப் புத்தகமும் நூல் இருப்புக் கணக்கும் ஒழுங்காக நம் முன் வைக்கப்படுகின்றன. "ஐந்தாண்டுகளுக்கு முன் நெய்த புடவையின் மாதிரி எங்கே?" என்று வினவினாலோ, அங்கத்தினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். ஒரு சங்கத்திற்குப் பழைய புடவையையே மீண்டும் கேட்டு ஆர்டர் வந்தது. அதன் கரையமைப்பை அறிந்த முதியவர் காலமாகிவிட்டார். துணித் துண்டு ஒன்றேனும் அகப்படவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போயிற்று.

நமது துணிகளின் மாதிரியைத் தொகுத்து வைக்க வேண்டுமென்ற எண்ணம் அயலாருக்கு முன்னரே தோன்றியதுண்டு. 1866-ஆம் ஆண்டில் லண்டனில் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்பார், இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி, 700 மாதிரிகள் கொண்ட 18 தொகுதிகளை உருவாக்கினார். அவ்வாறு செய்யப்பெற்ற 20 பிரதிகளுள் 13 பிரிட்டனுக்கும் 7 இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. இந்தியர் விரும்பி உடுப்பது யாதெனப் பிரிட்டிஷ் ஆலைக்காரர் கண்டறிந்து, அத்தகைய துணியை நெய்து இங்கு விற்பதற்கே அது பெரிதும் பயன்படக் கருதப்பட்டது. நமது கைத்திறன் பிறருக்குப் பாடப் புத்தகமாயிற்று. நம்மிடமோ ஏடு இல்லை!

இனிச் செய்முறையைக் கவனிப்போம். ஒரு வகைத் துணிக்குக் கெட்டியான அட்டை ஒன்று வேண்டும். பாவு ஏற்றியவுடன் சரிபார்ப்பதற்காக நெய்யும் தொடக்கத் துண்டே மாதிரிக்குப் போதுமானது. விற்பனைத் துணியை வெட்ட வேண்டுவதில்லை. துண்டில் கரை முழுமையாகவும், உடலில் உள்ள புட்டா ஒரு முறையேனும் முற்றுப்பெற்றும் இருத்தல் வேண்டும். முந்தானைக்குத் தனித் துண்டு வைத்தல் நலம்.

துணியைப் பசையிட்டு ஒட்டலாகாது. பசை துணியை விறைக்கச் செய்வதோடு பூச்சிகளையும் அழைக்கும். பின்புறத்தைப் பார்க்கவும் இயலாது. நெசவின் உண்மை பின்புறத்திலன்றோ தெரிகிறது! எனவே மேல்விளிம்பை மட்டும் அட்டையோடு தைத்துவிடுக. குண்டூசி துருப்பிடிக்கும், ஒட்டும் டேப் நாளடைவில் மஞ்சட்கறை உண்டாக்கும். ஜரிகைத் துணியை ரப்பர் வளையத்தாற் கட்டுதல் கூடவே கூடாது. ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

துணியின் பக்கத்திற் பாவு நூலையும் ஊடை நூலையும் சிறிது சுற்றி வைத்து, நூல் நம்பர், அச்சு, அங்குலத்திற்கு ஊடை எத்தனை, சாயத்தின் பெயரும் அளவும், நெய்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக. மை ஈரத்திற் பரவும். புட்டாவைக் கட்டமிட்ட தாளில் வரைந்து சேர்க்க வேண்டும். புள்ளிக் கோலமிட்டுப் பழகிய நம் வீட்டுப் பெண்மணிகள் இதனை ஆடவரினும் விரைவில் கற்பதைக் கண்டிருக்கிறோம். பருத்தி பயிரிடும் அங்கத்தினர் இருப்பின், இரகத்தின் பெயருடன் ஒரு சிட்டிகைப் பஞ்சும் இடம் பெறலாம். இளைஞர் சிலர் பக்கமெங்கும் வண்ணத்தாளும் சமிக்கியும் ஒட்டி அலங்கரிக்க விழைகின்றனர். முகப்பு அட்டையில் அவ்வாறு செய்யட்டும். மாதிரியின் அருகில் வேறு நிறம் இருப்பின் கண் ஏமாறும்.

இரண்டு பிரதிகள் செய்க. ஒன்று வியாபாரிகளுக்குக் காட்ட. மற்றொன்று வெளிச்சம் படாமல் அலமாரியில் வைக்க. ஆண்டுக்கொருமுறை இரண்டையும் ஒப்பிட்டால் எந்தச் சாயம் வெளுக்கிறதென்பது தானே விளங்கும். புத்தகத்திற்கு இருப்புப் பதிவேட்டில் எண் கொடுத்துவிடுக. அடுத்த தணிக்கையில் நாம் அதனையும் கேட்போம்.