எந்த வேலை முதலில்?

கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. நம் பிள்ளைகளில் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அவர்கள் பேச்சில் 'போர்ட்போலியோ மேனேஜ்மென்ட்' என்ற சொல் அடிபடும். அது என்ன என்று பார்ப்போம்.

எடுத்த வேலையைச் செவ்வனே முடிப்பது திட்ட மேலாண்மை. பல வேலைகளில் எதை எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்வது திட்டத் தொகுப்பு மேலாண்மை. பங்குகளைத் தனித்தனியே பாராமல் மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்று 1952-இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் எழுதினார். கணிப்பொறித் திட்டங்களுக்கும் அந்தப் பார்வை வேண்டும் என்று 1981-இல் வாரன் மெக்ஃபார்லன் எழுதினார்.

ரயில்வேயில் இருந்தவன் என்பதால் அந்த உதாரணமே எனக்கு எளிது. 2014 ஜூலை ரயில்வே பட்ஜெட் உரையில் அமைச்சர் சதானந்த கௌடா ஒரு கணக்குச் சொன்னார். அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் 1,57,883 கோடி ரூபாய் மதிப்பில் 676 திட்டங்களுக்கு அனுமதி தரப்பட்டது. முடிந்தவை 317. மீதி 359-ஐ முடிக்க 1,82,000 கோடி ரூபாய் தேவை! கேரளத்திலேயே, 1997-98-இல் அனுமதி பெற்ற அங்கமாலி–சபரி பாதையில் இன்னும் ரயில் ஓடவில்லை.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரே குழுவிடம் மூன்று வேலைகள். முழுக்குழுவும் செய்தால் ஒவ்வொன்றுக்கும் 2 மாதம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் 2, 4, 6-ஆம் மாத முடிவில் ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். மூன்றையும் சேர்த்துத் தொடங்கி ஆட்களைச் சமமாகப் பங்கிட்டால், மூன்றும் 6-ஆம் மாத முடிவில்தான் வரும். உழைப்பு ஒன்றே, பலன்தான் தாமதம். வேலை மாறி மாறிச் செய்வதில் வீணாகும் நேரம் வேறு.

இதற்கான மென்பொருள் செய்யும் வேலைகள் நான்கு:

1. எல்லா வேலைகளையும் ஒரே பட்டியலில் வைக்கும்.
2. பயன், செலவு, ஆபத்து ஆகியவற்றுக்கு நாம் தரும் மதிப்பெண்களைக் கொண்டு வரிசைப்படுத்தும்.
3. ஒரே நபரின் பெயர் ஒரே வாரத்தில் மூன்று வேலைகளில் இருந்தால் எச்சரிக்கும்.
4. ஒரு வேலையைத் தள்ளிவைத்தால் மற்றவை எப்போது முடியும் என்று காட்டும்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. பாதுகாப்பு வேலைகளையும் சட்டப்படி செய்தாக வேண்டியவற்றையும் மதிப்பெண் போட்டியில் சேர்க்கக் கூடாது. அவற்றுக்கு முதலிலேயே பணமும் ஆளும் ஒதுக்கிவிட வேண்டும். தேய்ந்த தண்டவாளத்தை மாற்றுவது லாபம் பார்த்துச் செய்யும் காரியமா? அடுத்தது, மேலதிகாரிக்குப் பிடித்த வேலைக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டால் மென்பொருள் அதையும் நம்பிவிடும். ஒரு வேலையை நிறுத்தும் துணிவு மனிதருக்குத்தான் வேண்டும்.

இரவு பத்து மணிக்கும் கணிப்பொறி முன் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கை நிறைய வேலை இருக்கும்போது புதிதாக ஒன்று வந்தால், "சார், இதைச் செய்ய எதைத் தள்ளிவைக்கலாம்?" என்று பணிவாகக் கேளுங்கள். பட்டியலைக் காட்டிக் கேட்டால் அது மறுப்பாகத் தோன்றாது.