'வரவில்லை' என்று எழுதும் முன்

அன்புள்ள டாக்டர் தம்பி,

புற்றுநோய்ப் பிரிவில் சேர்ந்துவிட்டீர்கள் என்று உங்கள் அம்மா சொன்னார். முப்பது வருடம் வார்டில் மிஸ்ஸியாக நின்றவள் என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முன்பு நான் வேலை செய்த ஒரு மருத்துவமனைக்குச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வருவார். மார்பகப் புற்று. அப்பாய்ண்ட்மெண்ட் அட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ரப்பர் சுற்றி வைத்திருப்பார். ஒரு மூலைகூட மடங்கியிருக்காது. கீமோவை ஒரு தவணை தப்பாமல் முடித்தார். ரேடியோதெரபி மட்டும் நாலாம் நாளோடு நின்றுபோனது. கோப்பில் 'டிஃபால்ட்', அதாவது 'வரவில்லை', என்று எழுதியது என் கைதான். எட்டு மாதம் கழித்து அவர் வந்தபோது நோய் எலும்புக்குப் போயிருந்தது.

"ஏம்மா வரல?"

"பஸ்ஸுக்கே காசு போயிருச்சு மிஸ்ஸி. வேலைக்கும் போவ முடியல. உங்ககிட்ட சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு இருந்துட்டேன்."

அந்த எட்டு மாதத்தில் ஒரு போன் போட்டுக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இன்றும் அது என்னை அறுக்கிறது.

நம் ஜொகூர் மாநிலத்தில் அரசாங்க ரேடியோதெரபி என்றால் ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைதான். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க 5 வெள்ளி. ஏழைக்கு அது பெரிய கொடுப்பினை. ஆனால் இதே மாநிலத்தின் சிகாமட் 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று நான்கு வாரம் அங்கிருந்து ஒருவர் எப்படி வந்துபோவார்? மருந்துச்சீட்டு எழுதுகிற கையோடு இதையும் கேளுங்கள்.

வழி இருக்கிறது தம்பி, சொல்லத்தான் ஆளில்லை. 2019இல் வந்த பெக்கா பி40 திட்டத்தில், தகுதியுள்ள, 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சை தொடங்கும்போது 300 வெள்ளி, முடிக்கும்போது 700 வெள்ளி உண்டு. தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை தனி. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டியவராக இருந்தால் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுப் போடலாம். சமூகப்பணி அதிகாரியின் அறை எந்த மாடியில் என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் நோயாளியைக் கூடவே அழைத்துப்போய் விடுங்கள்.

சிகிச்சையையும் சுருக்கலாம். பிரிட்டனில் நாலாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஆரம்பநிலை மார்பகப் புற்றுக்கு மூன்று வாரம் 15 தடவை கொடுப்பதற்குப் பதில் ஒரே வாரம் 5 தடவை கொடுத்தாலும் நோய் திரும்புவது கூடவில்லை என்று அது காட்டியது. எலும்பில் பரவிய வலிக்குப் பலருக்கு ஒரே தடவை போதும். எல்லோருக்கும் பொருந்தாதுதான். இருந்தாலும், "இவங்க தூரத்துலேர்ந்து வர்றாங்க, குறைச்ச நாள்ல முடிக்க முடியுமா?" என்று பெரிய டாக்டரிடம் கேட்க நீங்கள் தயங்கக் கூடாது. நம் நாட்டில் 2012க்கும் 2016க்கும் இடையே பதிவான புற்றுநோயாளிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் வந்தார்கள். தாமதமாக வந்தவருக்கு நாம் இன்னும் தாமதம் சேர்க்கலாமா?

இன்னொன்று, மொழி. டாக்டர் மலாயில் பத்து நிமிடம் பேசுவார். மகன் தாயிடம் திரும்பி, "கட்டியாம்மா, மருந்து குடுப்பாங்களாம்" என்பான். தாயும் கையெழுத்துப் போடுவார். பிள்ளை பாசத்தில் மறைக்கிறான், அவனைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் உடம்பு அந்த அம்மாவுடையது. "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்கம்மா?" என்று அவரிடமே தமிழில் கேளுங்கள். மலேசிய மருத்துவச் சங்கமும் பயனீட்டாளர் சம்மேளனமும் சேர்ந்து 1995இல் ஒப்பமிட்ட நோயாளிகள் சாசனத்தில் விளக்கம் பெறவும், இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும், சிகிச்சையை மறுக்கவும் உரிமை இருக்கிறது. தோட்டத்துப் பாட்டி அந்தச் சாசனத்தைப் படித்திருக்க மாட்டார். அவருக்கு அது உங்கள் வாயால்தான் தெரிய வேண்டும்.

நாளைக் காலை கிளினிக்குக்கு வராதவர்களின் பெயர்கள் உங்கள் மேசைக்கு வரும். 'டிஃபால்ட்' என்று எழுதுவதற்கு முன்னால் அவரவர் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள் தம்பி.