கலைவழி ஈகை

உணவு, மருந்து, நூல், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்துரைப்பர் ஆன்றோர். இவற்றுள் மருந்தையும் அபயத்தையும் ஒரே நிகழ்ச்சியால் ஈந்த இசைச் சங்கம் ஒன்றின் செய்தியை ஈண்டுக் காண்போம்.

18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில், கடன் தீர்க்க இயலாதோர் சிறையில் அடைக்கப்பட்டனர். சிறைப்பட்டவர் பொருளீட்டுவது எங்ஙனம்? ஈட்டாதவர் கடனை அடைப்பது எங்ஙனம்? இத்துயர் கண்ட இசையன்பர்கள் சங்கம் அமைத்து, இசை நிகழ்ச்சிகளின் வருவாயால் அவர்களை மீட்டு வந்தனர்.

1742 ஏப்ரல் 13 அன்று, ஃபிஷாம்பிள் தெரு இசை மண்டபத்தில் ஹாண்டெல் இயற்றிய 'மெசையா' முதன்முதலாக அரங்கேறியது. வருவாய் முழுதும் சிறைப்பட்டோர்க்கும் இரு மருத்துவமனைகளுக்கும் உரியதாயிற்று. மகளிர் அகன்ற வளையப் பாவாடை அணியாமலும், ஆடவர் உடைவாள் இன்றியும் வருமாறு செய்தித்தாள் வழியே வேண்டப்பட்டனர். இடம் மிகுந்தால் மேலும் பலர் அமர்வர். அறப்பொருளும் பெருகும் என்பதே கருத்து. ஏறக்குறைய 700 பேர் திரண்டனர். கடனாளிகள் 142 பேர் சிறை நீங்கினர்.

ஈகை செல்வர்க்கே உரியது என்பாருளர். இங்கோ, கலைஞர் தம் உழைப்பை ஈந்தார். கேட்க வந்தோர் பொருளோடு பகட்டையும் சிறிது விடுத்தனர். பிறர்க்கு இடமளிப்பதும் தானமே என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

நம் விழா மேடைகளில் பொன்னாடைக்கும் மாலைக்கும் செலவாகும் தொகையால் எத்தனை ஏழை மாணவரின் கல்விக் கட்டணத்தைச் செலுத்தலாம் என்று எண்ணிப் பார்ப்போமாக. எண்ணியதை அடுத்த விழாவிலேயே செய்து காட்டுவோமாக.