மாரி மழையில் சைக்கிள் நிற்குமா?
ஏற்ற பிரேக் கட்டையைத் தெரிவு செய்தல்

காலபோக விதைப்புக்கு மழை வேண்டும் என்று வானத்தைப் பார்த்திருக்கும் நாம், மழை வந்ததும் அதே மழையில் வயலுக்குப் போகவேண்டியவர்களாகவும் இருக்கிறோம். சொந்தக் காணிக்கு அருகில் குடியிருப்பவருக்கு இது பெரிய காரியமல்ல. இடம்பெயர்ந்து உறவினர் வீட்டிலோ தற்காலிகக் குடியிருப்பிலோ இருந்துகொண்டு, பல கிலோமீற்றர் தூரத்திலுள்ள காணிக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு நிலைமை வேறு. அவர்களுக்குச் சைக்கிள்தான் கால்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, முதியவரையும் மூட்டையையும் தாங்கிச் சென்றது சைக்கிளே. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு முழுவதும் தவித்தபோதும் மூலையில் கிடந்த சைக்கிள்களை மக்கள் மீண்டும் வெளியே எடுத்தார்கள். இவ்வளவு உழைக்கும் வாகனத்தில் நாம் மிகக் குறைவாகக் கவனிக்கும் பாகம் பிரேக் கட்டை. ரயர் வெடித்தால் அன்றே ஒட்டுகிறோம். செயின் அறுந்தால் அன்றே பூட்டுகிறோம். கட்டை தேய்ந்தால் மட்டும், “காலை ஊன்றி நிற்பாட்டலாம்” என்று விட்டுவிடுகிறோம். வெயிலில் அது ஒருவாறு சரிவரும். மாரியில் சரிவராது.

1. ஈரத்தில் என்ன நடக்கிறது?

காய்ந்த றிம்மை றப்பர் அழுத்தும்போது இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மழையில் றிம்மின்மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று படிகிறது. கட்டை அந்த நீரின்மேல் வழுக்குகிறதே தவிர றிம்மைப் பிடிப்பதில்லை. சில்லு பல தடவை சுற்றி, கட்டை நீரைத் துடைத்த பின்னரே பிடிப்புத் தொடங்கும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். 28 அங்குலச் சில்லு ஒருமுறை சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 2.2 மீற்றர் முன்னே போகும். நீரைத் துடைக்க ஐந்து சுற்றுத் தேவைப்பட்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்னரே 11 மீற்றர் போய்விடுகிறோம். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் இதற்கு மூன்று வினாடிகூட ஆகாது. ஒழுங்கையிலிருந்து பெருந்தெருவுக்கு ஏறும் இடத்தில் 11 மீற்றர் என்பது தெருவையே கடந்துவிடும் தூரம்.

பாரமும் சேர்ந்தால் நிலை இன்னும் மோசமாகும். ஓட்டுபவரும் சைக்கிளும் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கரியரில் 50 கிலோ உர மூட்டையை ஏற்றினால் மொத்தம் 130 கிலோ. அதே பிரேக்கில் நிற்கத் தேவைப்படும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. வேகத்தை இரட்டித்தாலோ அத்தூரம் நான்கு மடங்காகும்.

2. முதலில் உங்கள் றிம்மை அறியுங்கள்

கட்டை வாங்கக் கடைக்குப் போகுமுன் இரண்டு விடயங்களைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, றிம் எந்த உலோகம்? பழுதான வானொலியின் ஒலிபெருக்கியிலுள்ள காந்தத்தை றிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். குரோம் பூசிய இரும்பு றிம் கண்ணாடிபோல் மினுங்கும். அந்த வழுவழுப்பினால்தான் ஈரத்தில் அது மிக மோசமாக வழுக்குகிறது. அலுமினிய றிம் ஈரத்தில் இதைவிட எவ்வளவோ மேல். ஆகவே றிம்மை மாற்றவேண்டிய தேவை எப்போதாவது வந்தால் அலுமினியத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, பிரேக் எந்த வகை? பழைய பெரிய சைக்கிள்களில் இரும்புக் கம்பிகள் கட்டையை இழுத்து, றிம்மின் உட்பக்கத்தில், அதாவது கம்பிக்கால்கள் பூட்டியுள்ள பக்கத்தில், அழுத்துகின்றன. கேபிள் பிரேக்கில் கட்டைகள் றிம்மின் இரு பக்கங்களையும் கவ்வுகின்றன. ஒன்றின் கட்டை மற்றதற்குப் பொருந்தாது. பழைய கட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதே பிழைபோகாத வழி.

3. கடையில் பார்க்கவேண்டியவை

மென்மை: கட்டையின் முகத்தில் பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள். சிறிது பதிந்து மெல்ல மீண்டால் நல்ல றப்பர். நகமே பதியாமல் பிளாஸ்ரிக்போல் இருந்தால் வேண்டாம். அத்தகைய கட்டை நெடுநாள் தேயாது என்பது உண்மை. ஆனால் பிடிக்காத கட்டை தேயாமல் இருந்து ஆவதென்ன?

வயது: றப்பர் வெயிலிலும் காலத்தாலும் இறுகிவிடும். கடை வாசலில் நெடுநாள் தொங்கிய கட்டையை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

நிறம்: ஈரத்துக்கென்றே தயாரிக்கப்படும் கட்டைகளில் ஒருவகை, இரும்பு ஒக்சைட் கலந்த இளஞ்செம்மை நிற றப்பர். அமெரிக்காவின் கூல் ஸ்ரொப் கம்பனியின் கட்டைகள் இதற்குப் பெயர்பெற்றவை. கிடைத்தால் நல்லது. ஆனால் சாயம் போட்ட சாதாரண றப்பரும் சிவப்பாக இருக்கலாம். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

வரிப்பள்ளம்: முகத்தில் குறுக்கே பள்ளம் வெட்டிய கட்டை நீரும் சேறும் வெளியேற வழிவிடுகிறது. பள்ளம் மறைந்துவிட்டால் மாற்றும் நாள் வந்துவிட்டது என்று நாமும் அறிந்துகொள்ளலாம்.

நீளம்: நீளமான கட்டை இரட்டிப்பாகப் பிடிக்கும் என்று எண்ணவேண்டாம். ஆனால் அது மெதுவாகத் தேயும்.

தோல் பதித்த கட்டை: இங்கிலாந்தில் குரோம் பூசிய இரும்பு றிம்களுக்கென முகத்தில் தோல் பதித்த கட்டைகள் ஒருகாலத்தில் விற்கப்பட்டன. ஈரத்தில் அவை சாதாரண றப்பரைவிட நன்றாகப் பிடித்தன. யாரிடமாவது பழைய சோடி கிடைத்தால் இரும்பு றிம்முக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அலுமினிய றிம்முக்கு அது ஆகாது.

ரயர்த் துண்டு: தட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய ரயரை வெட்டிக் கட்டையாகப் பூட்டியவர்கள் நம்மிடையே உண்டு. அன்று வேறு வழியில்லை. ஆனால் ரயருக்குள் இருக்கும் துணி நீரை உறிஞ்சும். கம்பி இருந்தால் றிம்மைக் கீறும். துண்டு நழுவி விழுந்தால் பிரேக்கே இல்லை. புதுக் கட்டை கிடைக்கும்போது இதைச் செய்யவேண்டாம். ஒரு சோடிக் கட்டையின் விலை ஒரு ரயரின் விலையில் சிறு பங்குதான்.

4. பூட்டும் முறை

நல்ல கட்டையும் பிழையாகப் பூட்டினால் பயனில்லை.

(அ) சில கட்டைகள் ஒருபக்கம் திறந்த தகட்டுக் கூட்டில் செருகப்பட்டிருக்கும். கூட்டின் மூடிய பக்கம் சில்லு சுற்றும் திசையை நோக்கியிருக்கவேண்டும். மாறிப் பூட்டினால், பிரேக் பிடித்தவுடன் கட்டை கழன்று பறந்துவிடும். உயிராபத்தான பிழை இதுவே.

(ஆ) கட்டையின் முகம் முழுவதும் றிம்மில் படவேண்டும். ரயரில் உரசினால் ரயர் கிழியும். றிம்முக்குக் கீழே இறங்கினால் கம்பிக்கால்களில் சிக்கும்.

(இ) பிரேக் பிடிக்காதபோது கட்டைக்கும் றிம்முக்கும் இடையில் 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி போதும்.

(ஈ) பிரேக் பிடியை முழுப்பலத்துடன் அழுத்தினாலும் அது காண்டிலைத் தொடக்கூடாது. தொட்டால் கேபிளை இறுக்கவேண்டும். இழை அறுந்த கேபிளை உடனே மாற்றுங்கள்.

(உ) முன்னும் பின்னும் இரண்டையும் பூட்டுங்கள். பின் பிரேக் மட்டும் உள்ள சைக்கிள் அரைப் பிரேக் சைக்கிள். வேகம் குறையும்போது பாரம் முன்சில்லின்மேல் சாய்வதால், நிற்பாட்டும் வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கிலேயே இருக்கிறது.

5. மாரிகாலப் பராமரிப்பு

துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று றிம்மில் தேங்காயெண்ணெயோ ஒயிலோ பூசுவது பெரும் பிழை. எண்ணெய் ஊறிய கட்டை பிறகு பிடிக்கவே பிடிக்காது. செயினுக்கு ஒயில் விடும்போதும் றிம்மில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெறித்துவிட்டால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பின் சவர்க்கார நீரால் கழுவிக் காயவிடுங்கள். மண்ணெண்ணெயோடு விட்டுவிட்டால் அதுவும் வழுக்கும்.

வாரம் ஒருமுறை றிம்மைக் கழுவுங்கள். கட்டையில் புதைந்திருக்கும் மணலையும் உலோகத் துகளையும் ஊசியால் கிளறி எடுங்கள். முகம் மினுமினுப்பாக இறுகியிருந்தால் அரத்தாளால் இலேசாகத் தேய்த்து மினுக்கத்தை எடுத்துவிடுங்கள். கூட்டின் தகடு றிம்மில் உரசும்வரை காத்திருக்காமல் அதற்கு முன்னரே கட்டையை மாற்றுங்கள்.

6. ஓட்டும்போது

ஈரத்தில் எந்தக் கட்டையும் வெயிலில் பிடிப்பதுபோல் பிடிக்காது. ஆகவே ஓட்டும் முறையையும் நாம் மாற்றவேண்டும். நிற்கவேண்டிய இடத்துக்கு வெகுமுன்னரே பிரேக்கை மெல்லப் பிடித்து றிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பு வந்ததை உணர்ந்த பின் இரண்டு பிரேக்கையும் சேர்த்துச் சீராக இறுக்குங்கள். வெள்ளம் நின்ற இடத்தைக் கடந்ததும் இதேபோல் ஒருமுறை செய்யுங்கள். வளைவில் திரும்பிக்கொண்டே பிடிக்காமல் திரும்புமுன் வேகத்தைக் குறையுங்கள். சேற்றிலும், தெருவில் பூசிய வெள்ளைக் கோட்டிலும் முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்கினால் சில்லு வழுக்கும். பாரில் பிள்ளை இருந்தால் கரியரில் மூட்டை வேண்டாம். மழை கடுமையானால் இறங்கி உருட்டுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

7. இது என் சைக்கிள் மட்டுமா?

புதிய வீடு கட்டுகிறவர் மேல்தளத்தைச் சுற்றிச் சிறுசுவர் எழுப்பவேண்டும் என்றொரு சட்டம் உபாகமம் நூலின் 22ஆம் அதிகாரத்தில் உண்டு. அங்கிருந்து ஒருவர் விழுந்தால் பழி வீட்டுக்காரரைச் சேரும் என்பது அதன் கருத்து. நம்மில் பலருக்கு இன்று சொந்த வீடு இல்லை. ஆனால் அந்தச் சட்டம் நமக்கும் பொருந்துகிறது. நமது சைக்கிள் நிற்காமல் போனால் விழுபவர் நாம் மட்டுமல்லர். பாரில் இருக்கும் பிள்ளையும், தெருவோரம் நடந்துவரும் பாட்டியும் சேர்ந்தே விழுவார்கள்.

ஆகவே மழை தொடங்குமுன், ஒரு சனிக்கிழமை குடியிருப்பிலுள்ள எல்லாச் சைக்கிள்களையும் ஆலய வளவுக்கோ பொதுமண்டபத்துக்கோ கொண்டுவந்து பார்க்கலாம். ஒரு ஸ்பனர், ஒரு குறடு, ஒரு துண்டு அரத்தாள், ஒரு வாளி சவர்க்கார நீர் இருந்தால் போதும். சைக்கிள் திருத்தத் தெரிந்த ஒருவர் நான்கு இளைஞருக்குப் பழக்கிவிடலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் சைக்கிள்களையும், தனித்து நின்று குடும்பத்தை நடத்தும் தாய்மாரின் சைக்கிள்களையும் முதலில் பார்ப்போம். கட்டைகளை எல்லோருக்கும் சேர்த்து வாங்கினால் விலையிலும் சற்றுக் குறைத்துக் கேட்கலாம்.

கூடிப் பேசுவதற்கு

1. எங்கள் குடியிருப்பில் முன், பின் இரண்டு பிரேக்கும் வேலைசெய்யும் சைக்கிள்கள் எத்தனை?

2. வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் வழியில், மழையில் இறங்கி உருட்டவேண்டிய இடங்கள் எவை? அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோமா?

3. கட்டை வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு நாம் கூட்டாக என்ன செய்யலாம்?